ஒரு பீரியடுக்கு டீச்சர் நாற்காலி

ஜூன் 9

மெக்கானிக் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் வாண்டுவும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் முட்டிக்கொள்கிறது. அதனால் இனி எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, பாதியில் போனை வைக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை வாண்டுவோடு பேசும்போது மட்டும் உங்கள் அக்கா போனைப் பிடித்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்காரம்மா மாடியில் ஒற்றை அறை கொடுத்திருக்கிறார். கட்டில் இருக்கிறது, சன்னல் இருக்கிறது. நாற்காலி இல்லை. கேட்டேன். "தனி ஆளுக்கு எதுக்கும்மா நாற்காலி? கட்டில்ல உக்காந்துக்கோ" என்றார். இப்போது என் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கட்டிலை மேஜையாக்கி எழுதுகிறேன். முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது.

இரண்டாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் நம் வாண்டு வயசு, வாண்டு உயரம். காலையில் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் எனக்கு ஒவ்வொன்றும் வாண்டுவாகவே தெரிகிறது. சரி, அது என் பாடு.

வந்த கையோடு ஒரு வம்பையும் இழுத்துக்கொண்டேன். சரியாகப் படித்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஸ்டிக்கர், கலர் பென்சில், மிட்டாய் எல்லாம் வாங்கிப் போனேன். என் வகுப்பு வாய் மூடி, கை கட்டி உட்கார்ந்தது. பக்கத்து வகுப்பு அழுதது. ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க சம்பளத்துல நீங்க வாங்கலாம்மா. பக்கத்து வகுப்பு டீச்சருக்கு வீட்டுலயே மூணு பிள்ளைங்க, அவங்க எங்க போவாங்க? இனிமே காசு குடுத்து வாங்கின எதுவும் பரிசுன்னு வகுப்புக்குள்ள வரக்கூடாது" என்றார். நியாயம்தான் என்று தோன்றியதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இப்போது காசில்லாத பரிசுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நடந்தால் அதே யோசனை, படுத்தால் அதே யோசனை. உங்கள் கடைக்கு அப்பாக்களோடு வந்து அழுகிற குழந்தைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தெரிந்தால் எழுதுங்கள்.

வாண்டுவுக்குப் பின்னல் போடும்போது முன்பக்கம் உட்கார்ந்து போடாதீர்கள். கோணிக்கொள்ளும்.

இது தற்காலிக வேலை, ஒரு வருஷம்தான். அன்றைக்கே சொன்னேன். நீங்கள் பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை.

இப்படிக்கு,
மாடி அறைக்காரி


ஜூன் 18

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தத் தாளில் இருப்பது கிரீஸ். மை கொட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

பஸ் ஏற்ற வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். வந்தால் போகாதே என்று சொல்லியிருப்பேன், அதனால் வரவில்லை. வீட்டிலேயே டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாய், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு வேலை, அதுவும் அவ்வளவு தூரத்தில். நான் என்ன சொல்ல? "போனா போ" என்றேன். போய்விட்டாய். அதைச் சொன்னவன் நான்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

வாண்டு காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். எழுந்தால் குளிக்க மாட்டேன் என்கிறாள். குளித்தால் நான் பின்னல் போடக்கூடாதாம், அத்தை போட வேண்டுமாம். அக்கா வருவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடுகிறது. நேற்று ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் தலைவிரி கோலம். அப்படியே போனாள். கடைக் கூட்டாளி பார்த்துவிட்டு, "என்னடா, ஒரு சக்கரத்துக்கு மட்டும் காத்து அடிச்சு அனுப்பியிருக்க?" என்று கேட்டான்.

கடைக்கு வருகிற பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் ஒரு வித்தையும் இல்லை. வண்டியில் தூக்கி உட்கார வைத்து ஹார்ன் அடிக்க விடுவேன். எப்பேர்ப்பட்ட அழுகையும் நின்றுவிடும். அவ்வளவு பெரிய சத்தம் தன் விரலில் இருந்து வருகிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? தெருவே காதைப் பொத்திக்கொள்ளும், அது வேறு.

சன்னலோரம் உன் நாற்காலி சும்மா கிடக்கிறது. அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்கலாம். ஒரு வருஷம்தானே என்று கேட்கவில்லை.

இப்படிக்கு,
கிரீஸ் கையோடு நான்


ஜூலை 3

ஹார்ன் மெக்கானிக்குக்கு,

உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. ஹார்ன் பலித்துவிட்டது. எங்கள் பள்ளியில் இன்னும் கையால் அடிக்கிற மணிதான். ஹெட்மிஸ்ட்ரஸிடம் கெஞ்சிக் கூத்தாடி, மதிய மணியை என் வகுப்புப் பிள்ளைகள் அடிக்க அனுமதி வாங்கினேன். அன்றைக்குச் சொன்ன வேலையை முடித்த பிள்ளை ஒன்று போய் அடிக்கும். முதல் நாள் போன பையன் நிறுத்தவே இல்லை. பியூன் அவனை மணியிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

அதோடு என் கை சும்மா இருக்குமா? புதிதுபுதிதாகச் செய்து பார்க்கிறேன். கணக்கைச் சரியாகப் போட்டால் மணிக்கட்டில் பேனாவால் ஒரு நட்சத்திரம் வரைவேன். வரிசையில் முதலில் நிற்கும் உரிமை, கரும்பலகையை அழிக்கும் உரிமை, எந்தக் கதை சொல்ல வேண்டும் என்று சொல்லும் உரிமை. கரும்பலகை அழிப்பதற்கு இத்தனை போட்டி வரும் என்று யார் நினைத்தார்கள்? டியூஷனில் இத்தனை வருஷமாக அந்தத் தூசியை நானே தின்றுகொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே என் நாற்காலி. வாரம் முழுக்க நன்றாக நடந்துகொண்டால் வெள்ளிக்கிழமை ஒரு பீரியட் டீச்சர் நாற்காலியில் உட்காரலாம். வருகைப்பதிவு கூப்பிடலாம், "அமைதி" என்று அதட்டலாம். ஆசை பொறுக்காமல் வெள்ளிக்கிழமை மட்டும் என்பது எல்லா நாளும் என்று ஆகிவிட்டது. நான் பகலெல்லாம் நிற்கிறேன். அறைக்கு வந்தால் பெட்டிதான். கால் வீங்கிப்போகிறது. வேண்டியதுதான் எனக்கு.

ஒரே ஒருத்திதான் எதிலும் சிக்க மாட்டேன் என்கிறாள். கடைசி பெஞ்சு. மற்ற டீச்சர்கள் வைத்த பெயர் புயல். நாலு நாள் தங்கம் மாதிரி இருப்பாள். நாற்காலி முறை வருகிறது என்று தெரிந்த அன்றைக்குப் பக்கத்துப் பிள்ளையின் தண்ணீரைக் கவிழ்ப்பாள், யார் முடியையாவது பிடித்து இழுப்பாள். இரண்டு தடவை ஆகிவிட்டது. நான் வைத்த பரிசில் என்ன குறை என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸின் ஸ்கூட்டர் தினமும் வாசலில் நின்று இருமுகிறது. இந்தப் பக்கத்தில் நல்ல மெக்கானிக்கே இல்லையாம். சும்மா சொன்னேன்.

வாண்டு போனில் "ம்" மட்டும் சொல்கிறாள். வேறு ஏதாவது சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நிற்கிற டீச்சர்


ஜூலை 20

நிற்கிற டீச்சருக்கு,

உட்கார். முதலில் உட்கார்ந்து இதைப் படி.

உன் வித்தைகளை நானும் இங்கே இறக்கிவிட்டேன். காலையில் ஒரே கூப்பாட்டில் எழுந்தால் மணிக்கட்டில் நட்சத்திரம் என்றேன். மறுநாள் நான் கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் குளிக்க மாட்டாளாம், நட்சத்திரம் அழிந்துவிடுமாம். கையை மட்டும் வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு குளித்தாள். ஒரு வாரத்தில் கையில் அழுக்கு எது, நட்சத்திரம் எது என்று எனக்கே தெரியவில்லை. இதையெல்லாம் முன்கூட்டியே எழுத மாட்டாயா?

பிறகு உன் முறையையே பிடித்துக்கொண்டேன். வாரம் முழுக்க சமர்த்தாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அம்மா நாற்காலி. சன்னலோரம் கிடக்கிறதே, பின்னங்கால் ஆடுகிறது என்று நான் பிரேக் ரப்பரை வெட்டி அடியில் ஒட்டிக் கொடுத்தேனே, அதே நாற்காலி. நீ அதில் உட்கார்ந்துதான் நோட்டுத் திருத்துவாய், யாரையும் உட்கார விட மாட்டாய். அதனால் இந்த வீட்டில் அதைவிடப் பெரிய பரிசு வேறு இல்லை என்று எனக்குத் தோன்றியது.

நம்ப மாட்டாய். பல் தேய்த்தாள், பின்னலுக்குத் தலையைக் காட்டினாள், வீட்டுப்பாடம் முடித்தாள், முட்டையின் மஞ்சளைக்கூடத் தின்றாள். போன ஞாயிறு ஏற்றி உட்கார வைத்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி இருந்தாள். ஏனோ சீக்கிரமே இறங்கிவிட்டாள். அக்கா பார்த்துவிட்டு, "பரவால்லையே, பொம்பளை இல்லாமலே வீடு ஓடுதே" என்றார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஸ்கூட்டருக்குக் கார்புரேட்டர் அடைத்திருக்கும். கழற்றிச் சுத்தம் பண்ணச் சொல். தெரியாதவன் கையில் கொடுத்தால் இஞ்சினையே மாற்றச் சொல்வான்.

இப்படிக்கு,
அரை டீச்சர்


ஜூலை 29

அரை டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். முட்டை மஞ்சள் வரைக்கும் சிரித்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை.

என் நாற்காலியைப் பரிசாகக் கொடுத்துவிட்டீர்கள். இங்கே நானே என் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தேன், அங்கே என்னைக் கேட்காமல் நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். "பொம்பளை இல்லாமலே வீடு ஓடுதே" என்று உங்கள் அக்கா சொன்னதை வேறு மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். என் பிள்ளை அதில் உட்கார்ந்தால் எனக்கு என்ன கஷ்டம்? ஒன்றும் இருக்கக்கூடாது. ஆனால் இருக்கிறது. ராத்திரி இந்த மாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன். கீழேயிருந்து வீட்டுக்காரம்மா, "என்னம்மா, எலியா?" என்று குரல் கொடுத்தார்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். என் நாற்காலியில் ஒரு பல் விழுந்த பெண் உட்கார்ந்து, "யாருங்க நீங்க? வெளியில நில்லுங்க" என்று அவரையே அதட்டிவிட்டாள். எனக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் நிஜமாகவே வெளியில் நின்றார். அனுமதி வாங்கி உள்ளே வந்து, ஒரு பீரியட் முழுக்கக் கடைசி பெஞ்சில் இருந்தார். இந்த வேலையை நிரந்தரமாக்கித் தருகிறார்களாம். வாரத்தில் ஒரு நாள் மற்றப் பள்ளிகளுக்குப் போய், கையில் காசில்லாத டீச்சர்களுக்கு இதையெல்லாம் நான் காட்ட வேண்டுமாம். செப்டம்பர் 26க்குள் பதில் சொல்லச் சொன்னார்.

நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறது என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? பயமாகவும் இருக்கிறது.

புயல் நேற்று மறுபடியும். இந்தத் தடவை நாற்காலியையே தள்ளிவிட்டாள்.

உங்கள்,
டீச்சர்


ஆகஸ்ட் 14

டீச்சருக்கு,

எதிர்பார்த்ததுதான். ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் யாராவது ஒரு வருஷத்தில் வந்திருக்கிறார்களா? வாழ்த்துகள். இதைக் கிண்டலாக எழுதவில்லை. எழுதியதும் எனக்கே கிண்டலாகத்தான் தெரிகிறது, ஆனாலும் அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.

உன் முறையெல்லாம் இங்கே புட்டுக்கொண்டது. வாண்டு தலைகீழாக மாறிவிட்டாள். உன் வேலை நிரந்தரமாகப் போகிறது என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை இவள் கேட்டிருக்க வேண்டும். திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் சரியாக இருக்கிறாள். சனிக்கிழமை வந்தால் பேய் பிடிக்கிறது. ஒரு சனிக்கிழமை என் செருப்பை வாளித் தண்ணீரில் போட்டாள். அடுத்த சனிக்கிழமை கடைக்கு வந்து, நான் கழற்றி வரிசையாக வைத்திருந்த நட்டு போல்ட்டையெல்லாம் ஒன்றாகக் கலந்து விட்டாள். இரண்டு வண்டி அப்படியே நின்றுபோயிற்று. வண்டிக்காரர் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். "உனக்கு நாற்காலி கிடையாது போ" என்றேன். அழவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அக்கா நாலு சாத்து சாத்தச் சொல்கிறார். கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

என் பெண்ணைப் பார்த்துக்கொள்ள எனக்குத் துப்பில்லை. ஊர்ப் பிள்ளைகளைத் திருத்துகிறவள் நீ. வந்து உன் பிள்ளையைத் திருத்து, இல்லையென்றால் அங்கேயே இரு. நடுவில் என்னைத் தொங்கவிடாதே.

நான்


ஆகஸ்ட் 20

உங்களுக்கு,

கோபப்பட நேரமில்லை, பிறகு படுகிறேன். இதை இடைவேளையில் ஆபீஸ் ரூமில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

அவளை அடிக்காதீர்கள். நீங்கள் அடிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அந்தச் சனிக்கிழமையில் அப்படியே நின்றுவிட்டேன். நாற்காலிக்கு முந்தைய நாள்தானே? எங்கள் புயலும் அப்படித்தான். பரிசு கைக்கு எட்டுகிற நேரத்தில் தட்டிவிடுகிறாள். இரண்டு பேருக்கும் அது வேண்டாம். வேண்டாம் என்று வாயால் சொல்லத் தெரியவில்லை, அதனால் கையால் சொல்கிறார்கள்.

ஏன் வேண்டாம் என்று நாம் கேட்டோமா? நான் புயலை எத்தனையோ தடவை "ஏன் இப்படிப் பண்ணின?" என்று கேட்டிருக்கிறேன். "உனக்கு நாற்காலி வேணுமா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எல்லாருக்கும் பிடிப்பது அவளுக்கும் பிடிக்கும் என்று நானாக முடிவு செய்துவிட்டேன்.

வாண்டுவிடம் கேளுங்கள். உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேளுங்கள். நானும் இங்கே கேட்கிறேன்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் டீச்சர்


செப்டம்பர் 1

டீச்சரம்மாவுக்கு,

கேட்டேன்.

கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலையை அவளுக்குக் கொடுத்தேன். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் டியூபைப் பார்த்துக்கொண்டே, "அம்மா நாற்காலி உனக்குப் பிடிக்கலையா?" என்றேன்.

"பிடிக்கும்" என்றாள்.

"அப்புறம் ஏன் ஒவ்வொரு சனிக்கிழமையும் கெடுத்துக்கிற?"

குமிழி வந்தது. விரலை வைத்துக் காட்டினாள். நான் அந்த இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் சொன்னாள். "நான் உக்காந்துட்டா அம்மா வந்து எங்க உக்காருவாங்கப்பா?"

"அம்மா வந்தா நீ எறங்கிடுவ, அவ்வளவுதானே?"

"இல்ல. அத்தை சொன்னாங்க, வாண்டு இப்போ பெரிய ஆளு, அம்மா எடத்தைப் புடிச்சிட்டான்னு. நான் ஒண்ணும் புடிக்கல. எடம் அப்படியேதான் இருக்கு. நான் தொடைச்சுகூட வைக்கிறேன்."

நான் தேய்க்கிற உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, டியூபு காயுது, பசை போடு" என்றாள். போட்டேன். அந்தப் பஞ்சரை நான் ஒழுங்காக ஒட்டவில்லை, மறுநாளே அந்த ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நிஜமாகவே துடைத்திருக்கிறாள். வீடு முழுக்கத் தூசி, அந்த நாற்காலி மட்டும் பளபளவென்று இருக்கிறது. நான் இத்தனை நாளாகப் பார்க்கவில்லை. பெருமையாக எழுதினேனே, சீக்கிரமே இறங்கிவிட்டாள் என்று, அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனி அந்த நாற்காலி யாருக்கும் பரிசு இல்லை என்று சொல்லிவிட்டேன். அக்காவிடமும் இரண்டு வார்த்தை சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், சரியாகிவிடும்.

அங்கேயே இரு என்று போன கடிதத்தில் எழுதியதை அடித்துவிட்டுப் படித்துக்கொள். உன் புயல் என்ன சொன்னாள்? நீ என்ன முடிவு செய்தாய்? எதைச் சொன்னாலும் சீக்கிரம் சொல். கடையில் ஒரு ஸ்பானரைத் தேடிப் போய் வேறு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன்.

உன்,
மெக்கானிக்


செப்டம்பர் 9

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் பிரித்திருக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுப் பிரித்தேன். டீச்சர் அழுவதைப் பார்க்கவே பார்க்காத பிள்ளைகள். பல் விழுந்தவள் ஓடி வந்து என் மணிக்கட்டில் பேனாவால் ஒரு நட்சத்திரம் வரைந்துவிட்டாள். கோணல்மாணலாக ஆறு முனை. நான் இன்னும் சரியாகக் கை கழுவவில்லை.

அன்றைக்கே புயலிடம் கேட்டேன். அவளோடு சேர்ந்து கீழே கிடந்த பென்சில் சீவல்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் வருகைப்பதிவு படிக்க வேண்டும் அல்லவா? அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பரிசு என்று நினைத்துப் பரீட்சை வைத்திருக்கிறேன். "அப்ப உனக்கு என்ன பரிசு வேணும்?" என்றேன். ரொம்ப நேரம் சீவலையே பொறுக்கினாள். பிறகு, "நீங்க என் பக்கத்துல உக்காரணும் டீச்சர்" என்றாள்.

கடைசி பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெஞ்சு சின்னது, என் முழங்கால் மேஜையில் இடித்தது. அன்றைய பாடத்தை அங்கிருந்தே நடத்தினேன். என் விரலைப் பிடித்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தாள். மறுநாள் வகுப்பே வரிசை கட்டிவிட்டது. மணி வேண்டாம், கரும்பலகை வேண்டாம், "டீச்சர் எங்க பெஞ்சுல." இத்தனை நாள் எழுந்து நின்று எதையெதையோ தேடினேன்.

இனி நம் விஷயம்.

வேண்டாம் என்று அதிகாரிக்கு எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். தினமும் தபால் பெட்டியைத் தாண்டித்தான் போகிறேன், போடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. வெறுமனே பிடித்திருக்கிறது என்றால் விட்டுவிட்டு வந்திருப்பேன். காலையில் கண் விழிக்கும்போதே கால் பரபரவென்று ஓடுகிறது, இப்படி ஓர் ஓட்டம் என் கால்களில் இருந்தது எனக்கே தெரியாது. ஆனால் என் பிள்ளை அங்கே ஒரு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே மற்றவர்கள் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதை நினைத்தால் ஓடுகிற கால் அப்படியே நின்றுவிடுகிறது.

நீங்கள் கடையை விட்டு வர மாட்டீர்கள் என்று நானாக முடிவு செய்து, உங்களிடம் கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். கேட்டால் இல்லை என்று சொல்வீர்கள் என்ற பயம். பிள்ளைகளிடம் கேட்கக் கற்றுக்கொண்ட பிறகு புருஷனிடம் கேட்காமல் இருந்தால் நான் என்ன டீச்சர்?

கேட்கிறேன். நீங்களும் வாண்டுவும் இங்கே வந்துவிடுகிறீர்களா? கீழே இரண்டு அறை காலியாகிறது. என் பள்ளியிலேயே அவளைச் சேர்க்கலாம், பக்கத்து வகுப்பில். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். பையில் இருப்பதைத் தபாலில் போட்டுவிட்டு, இந்த வருஷம் முடிந்ததும் வந்துவிடுகிறேன். குறை சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. கொஞ்சம் சொல்வேன்.

உங்கள்,
நான்


செப்டம்பர் 24

உங்களுக்கு,

பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் உங்கள் அக்கா, "அவன் கடையில இருக்கான், வேலை" என்றார். வாண்டு வழக்கத்தைவிட அதிகமாக "ம்" சொன்னாள். பின்னால் ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல" என்றாள். வாண்டு ஒன்றுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது.

நாளை மறுநாள் அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றில் சரி, ஒன்றில் வேண்டாம். எது எந்த உறையில் இருக்கிறது என்று அடிக்கடி பிரித்துப் பார்த்துக்கொள்கிறேன். பசை போட்ட இடம் கிழிந்துவிட்டது. வகுப்பில் இன்று ஐந்தையும் மூன்றையும் கூட்டி ஒன்பது என்று எழுதினேன், பிள்ளைகள் திருத்தினார்கள்.

கேட்டது தப்பா? தப்பு என்றாவது எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நான்


செப்டம்பர் 25

என் டீச்சரம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாற்காலியின் கைப்பிடியில் கட்டி அனுப்புகிறேன். கொண்டு வருகிறவர் என் பழைய வாடிக்கைக்காரர், லாரி ஓட்டுகிறார். உன் வாசலில் நாளைக் காலையில் இறக்கிவிடுவார். நாற்காலியைப் பார்த்தவுடனே உன்னை வீட்டை விட்டு அனுப்பிவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்வாய். உன் புத்தி எனக்குத் தெரியும். அப்படி இல்லை. முழுதும் படி.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். சரி என்று எழுதிவிட்டுக் கடைக்குப் போனால், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நான் நின்ற இடம், சுவரில் நான் அடித்த ஆணி, அங்கே சரி என்பது வாய்க்குள் போய்விட்டது. கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். அங்கே எனக்கு யாரைத் தெரியும்? எவன் என்னிடம் வண்டியைக் கொடுப்பான்? டீச்சர் வீட்டுக்காரர் என்று கூப்பிடுவார்களே என்றுகூட யோசித்தேன். சிரிக்காதே, யோசித்தேன்.

கூட்டாளியிடம் சொன்னால் அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டு மாசமா நீ திருகிற போல்ட்டையெல்லாம் உனக்குத் தெரியாம நான் திரும்பத் திருகிட்டு இருக்கேன். போய்த் தொலைடா, நிம்மதியா இருப்பேன்" என்றான். அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. கடையை அவனிடம் ஒப்படைத்தேன், வாண்டுவின் பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் வாங்கினேன். அக்கா அழுதார், பிறகு பாத்திரங்களைக் கட்டிக் கொடுத்தார். நீ போனில் கேட்ட சத்தம் அதுதான். உன்னிடம் சொல்லக்கூடாது என்று வாண்டு என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால்தான் எழுதவில்லை. உன்னைத் தவிக்கவிட்டது தப்புதான், நேரில் திட்டு.

அதிகாரியிடம் சரி என்று சொல். ஹெட்மிஸ்ட்ரஸிடம், அந்த ஸ்கூட்டரை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று சொல். என் முதல் வண்டி அதுதான்.

நாற்காலியை ஏன் முன்னால் அனுப்புகிறோம் என்றால், அது வாண்டுவின் ஏற்பாடு. எல்லாச் சாமானும் ஒரே வண்டியில் வரட்டும் என்றேன். "வேணாம்ப்பா, அது முன்னாடி போகட்டும். அம்மா அங்க நின்னுட்டே இருக்காங்க" என்றாள். துடைத்தது அவள். ரப்பர் தேய்ந்திருந்தது, புதிதாக நான் போட்டேன்.

நாங்கள் சனிக்கிழமை சாயங்காலம் வருகிறோம். பஸ் நிறுத்தத்துக்கு வராதே. வழி கேட்டு வந்துவிடுவோம். கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வை. நாங்கள் தட்டினாலும் எழுந்து வராதே, உட்கார்ந்தபடியே இரு. நீ அதில் உட்கார்ந்திருப்பதை அவள் வாசலில் நின்று பார்க்க வேண்டுமாம்.

உன்,
டீச்சர் வீட்டுக்காரர்